மேளம்தான் தாவியது

ஜூலை 8
'உலக நடனங்களும் விமர்சனமும்' வகுப்பில் இன்று ஃபிளமெங்கோ. குதிகாலால் தரையை இடித்து ஆடும் அந்த ஆட்டத்தைச் சத்தமே இல்லாமல் போட்டுக் காட்டினேன். "காது கண்ணை ஏமாத்திடும். முதல்ல கால் என்ன பண்ணுதுன்னு எழுதுங்க. அழகு, அற்புதமெல்லாம் அப்புறம்."

வெள்ளிக்கிழமை அக்காவின் தனி நடனத்துக்கு வகுப்பே வருகிறது. சிறந்த விமர்சனம் பல்கலைக்கழக இதழில் வரும்.

ஜூலை 11
அரங்கம் நிரம்பி வழிந்தது. கைதட்டல் ஓயவில்லை. அக்காவின் சிரிப்புதான் சரியில்லை.

ஜூலை 14
நாலு வார்த்தைக்கு மேல் எழுதாததால் 'தந்தி' என்று பெயர் வாங்கிய மாணவி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்! "இடது கால் தாவவில்லை. மேளம்தான் தாவியது. இறங்கும்போதெல்லாம் முழங்காலைக் காப்பாற்றுகிறார்." மற்ற எல்லோருக்கும் அக்கா காற்றில் மிதந்திருக்கிறாள். எனக்கும்தான். இதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வேறு வாங்குகிறேன். இதழுக்கு இவள் எழுதியதுதான்.

அக்காவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"டாக்டர் ஆடவே கூடாதுன்னுட்டார். வீட்ல கூட சொல்லல. அடுத்த மாசம் வெளிநாட்டுப் பயணம், இது அச்சுல வந்தா என்னைத் தூக்கிடுவாங்க. எடுத்துடு."

"ஆடினா கால் என்னக்கா ஆகும்?"

"அது என் கால்."

ஜூலை 15
முழங்கால் வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று தந்தியைக் கேட்டேன். கேட்கும்போதே நாக்கு கூசியது.

"தப்பாப் பாத்துட்டேனா மேடம்?"

இன்னொரு தடவை படித்துப் பார்க்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். நாளை இதழுக்கு அனுப்பியாக வேண்டும். அக்கா விடாமல் கூப்பிடுகிறாள். அனுப்பினால் அக்கா இல்லை, அனுப்பாவிட்டால் அவள் கால் இல்லை - நான் என்னதான் பண்றது?

ஜூலை 16
ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவிட்டேன். நானே அக்காவிடம் சொன்னேன். "நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" - வைத்துவிட்டாள்.

ஜூலை 19
அக்கா ஃபோனை எடுப்பதில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 27
இதழ் நேற்று வந்தது. இன்று அக்கா கணவர் கூப்பிட்டார். "பயணம் வேணாம்னு அவளே சொல்லிட்டா. ஸ்கேன் எடுத்துட்டு இப்பதான் வந்தோம். உன்கூடப் பேச மாட்டாளாம். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ சொல்லணுமாம்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வலது முழங்காலும் போச்சுன்னு சொல்லு! அதை அவ பாக்கவே இல்ல. மார்க்கைக் குறைக்கச் சொல்லு!"