ஆளரவமற்ற முந்திரிக்காடு

சுண்ணாம்பு ஊறுகிற வாசனை ஆபீஸ் அறைக்குள் வந்துவிட்டது. யாரோ பெரிய மனிதர் அடுத்த வாரம் பூங்காவைப் பார்க்க வருகிறாராம். வாசலில் இரண்டு டிரம்மில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு வாளி நிறையக் காவி. மற்றவர்களுக்கு இது வெள்ளையடிக்கிற வாசனை. எனக்கு உன் பாதத்தில் கிளம்பிய கொப்புளம்தான் ஞாபகம் வருகிறது. அது வந்த கையோடு உன்மேல் கோபமும் வருகிறது. செத்துப்போனவள்மேல் போய்க் கோபப்படலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நான் படுவேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. முதல் நான்கு நாள் எனக்குத் தெரியவே தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளே என்ற எரிச்சலில் மஸ்டர் நோட்டில் உன் பெயருக்கு நேராக நாலு நாளும் 'ஆப்சென்ட்' போட்டேன், பேனாவை அழுத்தி. ஐந்தாம் நாள்தான் உன்னோடு கேங்கில் வேலை செய்கிற ஒருத்தி சொன்னாள், சேத்தியாத்தோப்பில் மகள் வீட்டில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை என்று. அந்த நாலு நாளில் மூன்று நாள் நீ மண்ணுக்குள் இருந்திருக்கிறாய். அதே கையால்தான் இதை எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். நீ உயிரோடு இருந்தபோதும் நான்தானே உனக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனபிறகு அவர் வேலைக்குப் பதிலாக எனக்குத் தோட்டப் பிரிவில் ஆள் கணக்கு எழுதுகிற வேலை கொடுத்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், கையில் ஒரு பிள்ளை, குவார்ட்டர்ஸில் யாரையும் தெரியாது. இந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "உங்களுக்கு எந்த ஊர்?" பஸ்ஸில் கேட்பார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள். மதுரை என்றால் ஒரு சிரிப்பு, கோயமுத்தூர் என்றால் ஒரு மரியாதை. நம் பக்கத்து ஊர் என்று தெரிந்துவிட்டால் அன்று சாயங்காலமே வீட்டுக்குக் காப்பிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். நானும் எல்லோரிடமும் கேட்டேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. மஸ்டரில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு. உனக்கும் உன்னோடு சேர்ந்த கான்ட்ராக்ட் பெண்கள் அத்தனை பேருக்கும் அதில் எனக்கு முன்னால் இருந்தவர் 'லோக்கல்' என்று எழுதியிருந்தார். நானும் அதையே வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

ஆனாலும் நாம் எப்படிச் சேர்ந்தோம், பார். பூங்கா ஏரிக்கரையில் அந்தப் பெரிய நாவல் மரத்தடியில் மத்தியானச் சோறு. என் புளிச்சோறு உனக்கு, உன் கருவாட்டுக் குழம்பு எனக்கு. நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிரிப்பு. "உங்க ஊர்ல பாசமா பேசறதே சண்ட போடற மாதிரி இருக்குதுக்கா" என்பாய். "சும்மா கெடட்டி" என்பேன். அதற்கும் சிரிப்பாய்.

நம் பூங்காவை நான் பார்த்துப் பழகியதெல்லாம் உன் கண்ணால்தான். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் மயில் கால் தடத்தைக் காட்டுவாய். வடக்கே சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் மலை என்பார்கள். "மலையாம் மலை, எல்லாம் வயக்காட்டு மண்ணுக்கா" என்று நொடிப்பாய். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ஏரியில் விழுகிற இடத்தில் ஒருநாள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "தொட்டுப் பாருங்கக்கா, வெதுவெதுன்னு. எங்க ஊர்ல கொழாய எறக்குனா இதே தண்ணிதான் தானா மேல பொங்கும். ஏத்தம் கெடையாது, மோட்டர் கெடையாது. மாடு குடிக்கும், புள்ளைங்க குளிக்கும், நாங்க பேசிக்கினே துணி தொவைப்போம்."

எங்க ஊர்ல என்று சொன்னாய். எந்த ஊர்ட்டி என்று என் வாயில் வரவில்லை. கருவாடு இன்னொரு துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பெரிய மனிதர் வருகை. பூங்காவின் இயற்கை, வரலாறு எல்லாம் எழுதி வாசலில் பலகை வைக்கவேண்டும் என்று தோட்ட அதிகாரி சொன்னார். எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று என்னிடம் கொடுத்தார். பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, முதலில் உனக்குத்தான் படித்துக் காட்டினேன். 'இயற்கை எழில் கொஞ்சும் இப்பூங்கா அமைந்துள்ள இடம், முன்னர் ஆளரவமற்ற முந்திரிக்காடாக இருந்தது.'

"ஆளரவமற்றன்னா இன்னாக்கா?"

"மனுஷ நடமாட்டமே இல்லாததுட்டி."

நீ சோற்றை இன்னொரு தரம் பிசைந்தாய். பிறகு, "நல்லாருக்குதுக்கா, நல்லா எழுதியிருக்கீங்க" என்றாய். பாவி. நல்லாருக்குது என்றாயே.

அந்த வாரம் பூங்காவில் உள்ள கல் ஒன்று விடாமல் வெள்ளையும் காவியும் மாற்றி மாற்றி அடிக்க உத்தரவு. பாதை ஓரக்கல், பாத்திக் கல், மரத்தடிக் கல் எல்லாம். நான்தான் கேங்கை நிற்கவைத்துச் சொன்னேன். "ஒரு கல்லு பாக்கி இருந்தாலும் எனக்குத்தான் ஏச்சு, பாத்துக்கிடுங்க." நாவல் மரத்தடியில் வரிசையாக ஏழு கல் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் யோசிக்கவில்லை, கத்தினேன். நீதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனாய்.

"ஏட்டி, சுண்ணாம்புல கால் வெந்து போகும், செருப்பப் போடு!"

"பரவால்லக்கா. கொஞ்சந்தான இருக்குது."

மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளம். நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன், கூடவே புத்தியில்லாதவளே என்று திட்டியும் விட்டேன்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை நீ லீவு. பத்து மணிக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார், வாசலில் பெண்கள் கூட்டமாகப் பொங்கல் பானையோடு நிற்கிறார்கள் என்று. போனேன். உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது என்று சட்டமாகச் சொன்னேன். கூட்டத்தில் மூத்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வருசா வருசம் வெக்கிறதுங்க. போன வருசம் வரைக்கும் வேலி இல்ல, பின்பக்கமா வந்து வெச்சிட்டுப் போயிடுவோம். எங்க கன்னிமாருங்க."

"இங்க கோயில் ஏது?"

அவள் கை நீட்டினாள். நாவல் மரத்தடி. வெள்ளை, காவி, வெள்ளை, காவி, ஏழு கன்னிமாரும் பாத்தி ஓரக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் இடுப்பில் பானையோடு நீ நின்றாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாசலுக்கு வெளியே பொங்கி, பானையை உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். அதிகாரி கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அதெல்லாம் சரி. அவர்கள் போனதும் உன்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? சாமி கல்லுக்கு உன் கையாலயே சுண்ணாம்பு அடிச்சியேட்டி, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாதா என்று.

முதலில் விளையாட்டாகத் தள்ளப் பார்த்தாய். "கோயில் செவுத்துக்கும் இதே கலருதானேக்கா." நான் விடவில்லை. அப்புறம்தான் சொன்னாய். "வேற யார்னா அடிச்சா செருப்புக் காலோட மிதிப்பாங்க. அதான் நானே அடிச்சேன். பெர்மனென்ட் லிஸ்டு எழுதப் போறாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இந்நேரத்துல போயி இது எங்க எடம், எங்க கல்லுன்னு வாயக் குடுத்தா பேர அடிச்சிருவாங்கக்கா. உங்ககிட்ட எப்படி சொல்றது? நீங்களும் ஆபீசுதானே."

நீங்களும் ஆபீசுதானே. ஒரே டப்பாவில் தின்றுவிட்டு, என் பிள்ளைக்கு அம்மை போட்டபோது பத்து நாள் வேப்பிலை கொண்டுவந்துவிட்டு, என்னைப் பார்த்து ஆபீஸ் என்றாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை நான். நீ சொன்னது பொய் என்றால் ஒரே நாளில் ஆறியிருக்கும்.

பலகையை மாற்றவேண்டும் என்று அதிகாரியிடம் ஒருமுறை கேட்டேன். "விடுங்கம்மா, பெயின்ட் காஞ்சிடுச்சு" என்றார். விட்டுவிட்டேன். இன்னொரு முறை கேட்டிருக்கலாம், எனக்கென்ன வேலையா போய்விடும்? நான் பெர்மனென்ட். அந்த லிஸ்டும் வரவில்லை. வந்திருந்தாலும் உன் பெயர் இருந்திருக்குமோ என்னவோ. வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதற்கு உனக்கு என்ன கிடைத்தது? கடைசி நாள் வரைக்கும் கான்ட்ராக்ட். ஆடிக்கு ஆடி பொங்கலில் ஒரு பிடி மந்தார இலையில் எனக்கு எடுத்து வருவாய். அதே பலகையைத் தாண்டித்தான் எடுத்து வந்தாய்.

போன வாரம் உன் மகள் வேலைக்கு வந்து நின்றாள். உன் மூக்கு, உன் நடை. புதுப் பெயர் எழுத மஸ்டரைத் திறந்தேன். சொந்த ஊர் என்ன என்று கேட்கும் முன்னாலேயே அவள் சொல்கிறாள், "லோக்கல்னு போட்டுக்கங்க மேடம். எல்லாருக்கும் அப்படித்தான போடுவாங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "உங்க அம்மைக்கு ஊர் கெடையாதா? பேர் கெடையாதா? சொல்லுட்டி!" என்று மேசையில் அடித்தேன். பாவம், பிள்ளை பயந்துவிட்டாள்.

"நாவல்குட்டைங்க. இந்த மரம் இருக்குற எடந்தான். சொரங்கம் வந்தப்ப ஊரக் காலி பண்ணிட்டாங்க. அம்மா சொல்லலீங்களா?"

பன்னிரண்டு வருஷம் அந்த ஊரின் மரத்தடியில் உட்கார்ந்துதான் சோறு தின்றிருக்கிறேன். எங்க எடம் என்றாயே தவிர, ஊர்ப் பெயரை நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று என்னிடம் கேட்காதே, எனக்கு இரண்டின்மேலும் கோபம்.

பலகை துருப்பிடித்துவிட்டது, இந்த வருகைக்குப் புதுசு எழுதவேண்டும், பழைய விஷயத்தையே அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் இப்போதைய அதிகாரி. சரி என்றேன். நேற்றுப் பெயின்டர் எழுதி முடித்துவிட்டான். படித்துக் காட்டுகிறேன், கேள். 'இந்த இடத்தில் நாவல்குட்டை என்னும் ஊர் இருந்தது. ஏரிக்கரையில் உள்ள நாவல் மரமும் ஏழு கன்னிமார் கற்களும் அந்த ஊராருடையவை. ஏரியில் நிற்பது, ஒரு காலத்தில் அவர்கள் குழாய்களில் தானாகப் பொங்கிய தண்ணீர்.' ஆளரவமற்ற என்ற வார்த்தையை எங்கேயும் வைக்கவில்லை. ஏழு கல்லையும் நானும் உன் மகளும் உட்கார்ந்து தேய்த்துக் கழுவினோம். சுண்ணாம்பு போய்விட்டது, காவிதான் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதிகாரி நாளைக்குப் பார்ப்பார். குதிப்பார். அழிக்கச் சொல்வார். சொல்லட்டும். அந்தப் பலகைமேல் எவன் சுண்ணாம்பு மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறானோ, அவனுக்கு மஸ்டர் எழுதுகிறவள் நான்தான். ஆப்சென்ட் போட எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று காலை கேங்கில் இருக்கும் முப்பத்தொரு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து, உனக்கு எந்த ஊர், உனக்கு எந்த ஊர் என்று கேட்டு எழுதினேன். ஒவ்வொருத்தியும் முதலில் 'லோக்கல்' என்றாள். இரண்டாம் தரம் கேட்டபிறகுதான் பெயரைச் சொன்னாள். உன்னிடம் நான் ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.