என் சுத்தியலும் பைக்கின் முன்சக்கரமும்

மோரா, நியூ மெக்சிகோ
அக்டோபர் 9

அன்பு மகள் மரிசேலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கை கால் முழுசாக நலமாயிருக்கிறோம். அலாஸ்காவில் இதற்குள் பனி விழுந்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். கை கால் முழுசாக என்று வேடிக்கைக்கு எழுதவில்லை, போனில் சொல்லத் தைரியம் வராமல்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து உன் பெரியம்மா வீட்டுக்குப் பைக்கில் போனேன். வழியில் நம் ஊர்க்காரர் பிராக்செடிஸ் தன் வேலியோரம் நின்றார், அவருக்கு முன்னால் பெருமையடிக்க ஒரு கையை எடுத்து ஆட்டினேன். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, புதிதாக வந்த டிரைவர்களுக்கெல்லாம் ரோட்டைப் பாருங்கள் என்று ஓதியவன், அந்த நேரம் ரோட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். பெரிய பள்ளம். விழவில்லை, அதற்கு என் திறமை காரணமில்லை. முன்சக்கரத்தின் விளிம்பு ஒரு பக்கம் மடங்கிவிட்டது, ஹேண்டில் ஆடிக்கொண்டே நடை வேகத்தில் பாதி வழியிலிருந்து வீடு திரும்பினோம்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒர்லாண்டோவிடம் கொடு என்றாள் அம்மா. வளைந்ததை நிமிர்த்த ஒருத்தன் வேண்டுமா என்று டயரைக் கழற்றி, மரக்கட்டையை முட்டுக்கொடுத்து இரண்டு நாள் சுத்தியலால் அடித்தேன். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து, "மெதுவா அடிங்க, சர்ச் மணின்னு நெனச்சு ஊரே பூசைக்குக் கிளம்பிடப் போகுது" என்றாள். விளிம்பு பார்வைக்கு நேராகிவிட்டது. அதைக் காட்டி ஒர்லாண்டோவிடம் பாராட்டு வாங்கலாம் என்றே கொண்டுபோனேன். அவன் துடைத்து, சிவப்பாக ஏதோ பூசி, மறுபடி துடைத்து, வெள்ளையாக ஒன்றைத் தெளித்தான்; கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டிக்கொடுக்கும் மருந்தாம். முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. "பள்ளத்துல வளைஞ்சுது, எலிசேயோ அண்ணே. நீங்க அடிச்சதுல வெடிப்பு விட்டுடுச்சு. வளைஞ்சதா வந்திருந்தா நிமிர்த்தியிருப்பேன், வெடிப்பு விட்டத வச்சு என்ன பண்ண?" என்றான்.

நான் விடவில்லை மகளே, வெல்டு வை என்றேன். "வைக்கலாம். பின்சீட்டுல யாரு உக்காருவா, அதச் சொல்லுங்க" என்றான். பக்கத்தில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். "நான்தான் தம்பி, வேற யாரு வருவா" என்றாள், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறித் தப்பித்திருப்பேன். அந்தக் கோட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், வேறு சக்கரம் போடு என்றேன்.

பழைய வண்டி ஒன்றிலிருந்து அதே மாடல் சக்கரம் கிடைத்தது. அதற்கும் சிவப்பைப் பூசிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினான். கறுப்புச் சக்கரம், வெள்ளி நிற வண்டி. பிராக்செடிஸ் பார்த்து, "எலிசேயோ, யாரோட செருப்ப மாத்திப் போட்டுட்டு வந்தே?" என்று கேட்டார். இந்தத் தடவை இரண்டு கையும் ஹேண்டிலிலேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் பச்சை மிளகாய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு நல்லபடியாகத் திரும்பினோம். கடவுள் உன்னைக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. உன் கார் பிரேக் சத்தம் போடுகிறது என்று நீ சொன்னபோது, எண்ணெய் விட்டால் போதும், கிறிஸ்துமஸுக்கு வந்து நானே பார்க்கிறேன் என்றேனே, அந்த அறிவுரையை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிரேக்கில் யாராவது எண்ணெய் விடுவார்களா? நாளைக்கே வேலை தெரிந்தவனிடம் காட்டு.

உன் அன்பு அப்பா,
எலிசேயோ

(சுத்தியலை அம்மா எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். நான் தேடவில்லை.)