எண்ணெய் தின்ற கீழ்வயல்

இன்று காலை வாசலில் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றினார்கள். பழைய எண்ணெய் கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டது. மருமகன் அதன் மேல் மண்ணை அள்ளிப் போட்டு மூடப் போனார். நான் விடவில்லை. குனிந்து ஒரு பிடி மண் எடுத்து முகர்ந்தேன். அத்தைக்கு இன்னும் அந்தப் புத்தி போகவில்லை என்று அவர் சிரித்தார். நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் நிலத்தை ஒட்டி அந்தக் கம்பெனி வந்தது. லாரிகளின் பழைய எண்ணெயைக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் கம்பெனி. பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நீ, பட்டணத்தில் பட்டம் வாங்கிவிட்டு அதன் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த ஐப்பசி மழையில் அவர்களுடைய கசடுக் குழி பொங்கி, எங்கள் கீழ்வயல் முழுக்கக் கருப்பாகப் படிந்தது. எங்கள் வீட்டுச் சோற்றுக்கு நெல் கொடுத்த வயல் அது ஒன்றுதான். தண்ணீர் வடிவதற்குள் முதலாளியின் ஆள் வந்து, கெட்ட நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். என் வீட்டுக்காரர் அரை மனதாகத் தலையாட்டிவிட்டார்.

அவன் போன மறுநாள் நீ வந்தாய். விற்காதே என்றாய். மண்ணிலேயே எண்ணெயைத் தின்கிற கிருமிகள் இருக்கின்றன, சாணியும் யூரியாவும் போட்டு, ஈரமாக வைத்து, அடிக்கடி உழுதுகொடுத்தால் அவை பெருகித் தின்று தீர்த்துவிடும் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. கருப்புக் கசடை உழுது உள்ளே தள்ளிவிட்டால், நாளைக்கு சர்க்கார் அதிகாரி வந்து கேட்கும்போது எதைக் காட்டுவது? வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிட்டார்.

"சம்பளம் அங்க வாங்கிக்கினு, இங்க வந்து இன்னாத்துக்கு வைத்தியம் பண்ற?"

நீ கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நியாயக்காரிக்குக் கோபம் வர வேண்டாமா?

"என்ன நம்பாதடி," என்றாய். "வாரத்துக்கு ஒருவாட்டி மண்ண மோந்து பாரு. வாடை கொறையலன்னா வித்துடு."

உழுதோம். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. மூலையில் ஒரு பாத்தியை மட்டும், எதற்கும் சாட்சியாக இருக்கட்டும் என்று, உழாமல் விட்டேன். உன் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். நீயோ சந்தோஷப்பட்டாய். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும், நானே சொல்ல நினைத்தேன் என்றாய். சந்தேகப்படுவதற்குப் பாராட்டு வாங்கியது என் வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு அந்தக் கூத்து நடந்தது. நெல் போட்டே பழகிய கை சும்மா இருக்குமா? வீட்டுக்காரர் வரப்பை அடைத்து, நடவுக்குக் கட்டுவதுபோல் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டிவிட்டார். சில நாளில் அழுகிய முட்டை நாற்றம் தெருமுனை வரை அடித்தது. கம்பெனி வாசலுக்கே வந்து உன்னைப் பிடித்து உலுக்கினேன். நீ என்னோடு வந்து, புடவையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டாய்.

"தண்ணி கட்டினா மூச்சு முட்டி செத்துடும்டி. அதுங்களுக்கும் காத்து வேணும்."

அதற்குப் பிறகு தெளித்ததோடு சரி. அடுத்த கோடையில் மண் உதிரியாக வந்தது, அருகம்புல் தலைகாட்டியது. வாடை எனக்கே தேடித்தான் கிடைத்தது. உழாத பாத்தி மட்டும் தார்போல் அப்படியே கிடந்தது. கீழ்வயல் தேறுகிறது என்று தெரிந்ததும் முதலாளி உன்னை வேலையைவிட்டு அனுப்பினார். அதுகூட நாடகமோ என்று யோசித்தவள் நான். என்னைப் பெற்ற நேரம் அப்படி.

மழைக்காலம் நெருங்கியபோது, நாற்று விடலாமா என்று கேட்டேன். நீ மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தாய்.

"வேணாம். கருப்பு போச்சு. கண்ணுக்குத் தெரியாம இன்னா மிச்சம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. உன் புள்ளைங்க துன்ற சோறுடி."

கெட்டுவிட்டது என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் ஆகாது என்று, ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று என்னிடம் சொன்னவள் நீ ஒருத்திதான், அதுவும் வேலையைப் பறிகொடுத்துவிட்டு நின்றபோது. அந்த நிமிஷத்தில்தான் உன்னை நம்பினேன். கீழ்வயலில் சவுக்கு வைத்தோம். அரிசியைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். நிலம் எங்களிடமே இருக்கிறது.

இப்போதும் நான் யாரையும் எளிதில் நம்புவதில்லை. எல்லாம் தெரியும் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறேன். தெரியாது என்று சொல்கிற ஆள் வந்தால் மட்டும், உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறேன். நீ போன பிறகு என் மோர்ச்செம்புக்கு அதிகம் வேலையில்லை.