மூன்றாவது பாட்டில் தாமதமாக வரும் கிடார்

ஆல்பத்தின் அட்டையில் உங்கள் கை இருக்கிறது. முகம் இல்லை, கிடாரைப் பிடித்திருக்கும் இடது கை மட்டும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வளைந்துபோன சுண்டுவிரலை எனக்கு அடையாளம் தெரியாதா? நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொண்டுவந்தவள் புனேக்கு வெளியே சாகண் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்க் கோடியில் கோந்த்வாவில், கிடார்கள் இரையும் பவர் பாப் இசைக்குழு ஒன்றில் பாடுகிறாளாம். இது அவர்களுடைய புது ஆல்பமாம்.

"அங்கிள்தான் எங்க அஞ்சாவது ஆளுங்க ஆண்ட்டி. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். என் கௌரவம்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஞாயிறுதோறும் கோந்த்வாவுக்குச் செஸ் ஆடப் போவதாகத்தானே சொன்னீர்கள்? விரல் நுனிகள் காய்த்துப்போயிருப்பதைப் பார்த்து நான் கேட்டபோது, "ரோஜாத் தொட்டியைக் கிளறுறேன்ல, மதர் சுப்பீரியர்" என்று சிரித்தீர்கள். நம்பி, கையுறை வாங்கிக் கொடுத்தேன். உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

கல்யாணமாகிப் புனேக்கு வந்த முதல் மாதம் ஒரு மாலை எனக்காகக் கிடார் வாசித்தீர்கள். தாளம் தவறினால் விரல்களில் அடிக்கோல் விழும் கான்வென்ட்டில் பியானோ படித்தவள் நான்; நீங்கள் எனக்கு வைத்த 'மதர் சுப்பீரியர்' பட்டமும் அதனால்தான். "ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல லேட்டா வர்றீங்க. சரியா வாசிக்க முடியலைன்னா எதுக்கு வாசிக்கணும்?" என்றேன். நீங்கள் வாதாடவில்லை. அடுத்த வாரம் கிடார் வீட்டில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவும் இல்லை.

அந்தப் பெண் மூன்றாவது பாட்டைப் போட்டாள். கிடார்கள் சேர்ந்து இரைந்தன. காதைப் பொத்தக் கையெடுத்தேன். பல்லவி திரும்பும் இடத்தில் சட்டென்று எல்லாம் நின்றது. ஒரு மூச்சு கழித்து ஒரே ஒரு கிடார் வந்தது. அதே தாமதம்.

"இது தப்பில்லையா?" என்றேன்.

"அங்கிள் அங்க எப்பவும் லேட்டாத்தாங்க வருவாரு. முதல்ல ரொம்பக் கிண்டல் பண்ணுவோம். அப்புறம் அவர் வர்ற வரைக்கும் நிக்கப் பழகிட்டோம். இப்ப எல்லாருக்கும் அந்த இடந்தாங்க பிடிக்குது."

நேற்று வந்த நான்கு பேர் உங்களுக்காக நின்றிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்த நான் நிற்கவில்லை.

அவள் போன பிறகு அதே பாட்டைத் திரும்பப் போட்டேன். காலால் தாளம் போட்டேன். அந்த இடத்தில் என் கால் முந்திக்கொண்டு விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் முந்தியது. ஐந்தாவது முறை, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன், நீங்கள் வரும்வரை.