கறிக்குள் ஒரு சன்னம்

அன்பு மகன் டெனிஸ்டனுக்கு,

மாதாவின் தயவால் நானும் அம்மாவும் இங்கே நலம், நீயும் மருமகளும் மெல்பேர்ணில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய், அது பரவாயில்லை, மனம்தான் சரியில்லை. சிரிக்காமல் வாசி.

கீழ்வீட்டு யோசெப்பினின் பிள்ளைகள் அஜந்தாவும் றொக்சனும் வேட்டை வகுப்புக்குப் போனபோது, துணைக்குப் போன நானும் சும்மா இருக்கக் கூச்சப்பட்டுப் பரீட்சை எழுதி முதலாவதாக வந்துவிட்டேன் அல்லவா. அதனால் வந்த வினை, இளையோர் வாத்து வேட்டை நாளில் அவர்களுக்கு வழிகாட்டியாக என்னையே போட்டுவிட்டார்கள். நான் துவக்கைத் தொட வேண்டியதில்லை, எப்போது சுடலாம் என்று சொன்னால் போதுமாம். யோசெப்பினோ பிள்ளைகளிடம், விடியக்காலமை போய்ச் சேறு பூசிக்கொண்டு வாறதெண்டால் ஒரு தாராவாவது சட்டிக்கு வரவேணும், வராட்டி வேட்டை இதோட சரி, சனிக்கிழமையில கணக்கு ரியூசன்தான் என்று சொல்லிவிட்டாள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால் ஆற்றோர நாணலுக்குள் குந்தியிருந்தோம். தாராக்கள் வந்தன, அவற்றைக் குறை சொல்ல முடியாது. இது சுடக்கூடிய இனமா, தூரம் சரியா, பின்னால் படகோ ஆளோ உண்டா என்று நான் ஒழுங்காகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வதற்குள் அவை ஒன்ராரியோப் பக்கம் போய்விடும். ஒருமுறை எல்லாம் சரியாக அமைந்தது, என் கண்ணாடியில் நீராவி படிந்துவிட்டது. தாத்தா, நீங்கள் எங்களுக்கில்லை, தாராவுக்கெல்லோ பயிற்சி குடுக்கிறியள் என்றான் றொக்சன். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதும் சரிதான். அஜந்தா கோபிக்கவில்லை, ரியூசன் வாத்தியார் கிட்ட வந்தால் உள்ளி மணக்கும் தாத்தா என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டபின் என்னால் இருக்க முடியவில்லை. திரும்பும் வழியில் பிள்ளைகளைக் காரில் இருத்திவிட்டு, ஜான்-டலோன் சந்தையில் உரித்த தாரா ஒன்று வாங்கிவந்தேன்.

ஞாயிறு பூசை முடிய அம்மா கறி வைத்து யோசெப்பின் வீட்டாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள், அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேட்டைத் தாரா, சுட்ட துவக்குச் சன்னம் இறைச்சிக்குள்ள கிடக்கும், பார்த்துச் சப்புங்கோ என்று எல்லோரையும் எச்சரித்தாள். யோசெப்பின் எலும்பு வரை உறிஞ்சியும் ஒன்றும் அகப்படாமல், என்ன அண்ணை, சுடாமல் வெருட்டியே விழுத்தினனீங்கள் என்று என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன். அந்த நேரம் அவள் வாயில் கடக்கென்று ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்து, இஞ்சை பாருங்கோ, என்ரை பிள்ளையளின்ரை சன்னம் என்று லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினாள், இனி எல்லாச் சனிக்கிழமையும் போங்கோ என்று அந்த இடத்திலேயே அனுமதியும் கொடுத்துவிட்டாள். அஜந்தா என் காதுக்குள், தாத்தா, அது அம்மான்ரை பல்லு ஓட்டை அடைச்ச துண்டு என்றாள்.

இப்போது யோசெப்பின் அதைப் பஞ்சு வைத்த சின்னப் பெட்டியில் போட்டுக் கோயிலில் எல்லோருக்கும் காட்டித் திரிகிறாள். சொல்லிவிடலாம் என்று படியிறங்கிப் போவேன், அவள் முகத்தைப் பார்த்ததும் தபால் வந்ததா என்று கேட்டுவிட்டு ஏறிவந்துவிடுவேன். நேற்றிலிருந்து அவளுக்குக் குளிர்தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறதாம். செவ்வாய்க்கிழமை காலை பல் வைத்தியரிடம் போகிறாள், அந்தப் பெட்டியையும் கொண்டுபோய் அவருக்குக் காட்டப்போகிறாளாம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகுகளுக்குள் வைத்துக் காப்பாராக. அம்மாவுக்குத் தெரியாமல் நானே இதைப் படமெடுத்து அனுப்புகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். செவ்வாய்க்கிழமை எனக்காக ஒரு செபம் சொல்ல மறவாதே, இங்கே காலை என்றால் அங்கே நடு இரவு, ஆகையால் படுக்கப் போகுமுன்பே சொல்லிவிடு.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
சவிரிமுத்து