கயிறு வேண்டாம், அண்ணா

தியாகதுருகம்,
புதன்கிழமை

அன்புள்ள சின்னராசு அண்ணனுக்கு,

கமலா எழுதுவது. திருப்பூரில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே நானும் பாப்பா சுபஸ்ரீயும் நன்றாக இருக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் அழுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுசும் படித்துவிட்டுக் கோபப்படு.

நேற்று கள்ளக்குறிச்சி குடி மறுவாழ்வு மையத்தில் உன் மச்சானோடு என்னையும் உட்காரவைத்துப் பேசினார்கள். ஆலோசகர் பெயர் விஜயலட்சுமி. அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று ஆசையாகப் போனேன். அந்த அம்மாவோ அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, "குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்குது, சொல்லுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தேன் என்று எழுந்தேவிட்டேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த அம்மா உன் மச்சானிடம் அதையே மறுபடி கேட்டார்.

"குடிச்சாத்தான் எம் பொண்ணு மூஞ்சி மறக்குது" என்றார் அவர்.

போன ஆடியில் நீ அவரை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி, இனிக் குடிப்பதில்லை என்று சுபஸ்ரீ தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாயே. சில மாதம் ஒழுங்காகத்தான் இருந்தார். வெள்ளிமலைக்கு மரவள்ளி லோடு ஏற்றப் போனபோது, கூட வேலை செய்தவரின் சாவு வீட்டில் ஒரு டம்ளர் குடித்தாராம். திரும்பி வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு. "சத்தியம் புள்ளயப் புடிச்சிக்கிச்சி. இனிமே என் கை பட்டா அதுக்கு ஆவாது" என்று நேற்று அங்கே தேம்பித் தேம்பி அழுதார். வலிப்பு வந்த அன்றிலிருந்துதான் அவளைத் தூக்குவதில்லை. பாசமில்லாத ஜென்மம் என்று நாம் எப்படியெல்லாம் ஏசினோம், அண்ணா.

வலிப்பு காய்ச்சலால் வந்தது, உங்களால் இல்லை என்று அந்த அம்மா டாக்டரைக் கூப்பிட்டே சொல்லவைத்தார். சறுக்கிக் குடித்துவிட்டால் மறுநாளே வந்து சொல்லலாம், சத்தியம் வாங்கினால் சறுக்கியவர் ஒளியத்தான் பார்ப்பார் என்றார். அடுத்த சாவுக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று அவரையே கேட்டார். மாலை போட்ட கையோடு எனக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். நம்பிவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். நீயும் வருகிறாய், இந்தத் தடவை பெரிய கோயிலில் கயிறு கட்டப்போகிறாய் என்று அண்ணி சொன்னார்கள். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். அவசியம் வா. கயிறு மட்டும் வேண்டாம். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து சுபஸ்ரீ தலையில் வைத்தது நீதான். இந்தத் தடவை அவளைத் தூக்கி அவர் கையில் கொடு. நீ கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

உன் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
கமலா