சுவர்ப் பலகையில் வைத்த டிஸ்க்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடுதான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் வாலுப் பயலும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். ஆட்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை கண்ணு, வீட்டைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. லீவுக்கு வர வேண்டாம் என்று நான் போனில் சொன்னதும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது, பேரன் வந்தா உனக்குத் தொந்தரவா, சொல்லிடு, இனிமே கேக்கவே மாட்டேன் என்று டப்பென்று வைத்துவிட்டாய். பெற்ற வயிறு எரிகிறதடி. அவன் பிறந்ததிலிருந்து போன் திரையில்தான் அவனைக் கொஞ்சியிருக்கிறேன், ஒரு தடவைகூட இடுப்பில் தூக்கியதில்லை. அவனை வராதே என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? காரணம் சொல்லலாம் என்றால் நீ பேச விடுவதில்லை, விட்டாலும் நான் அழுதே கெடுத்துவிடுவேன், பக்கத்திலிருந்து உன் அப்பா வேறு போனைப் பிடுங்கிக்கொள்வார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படி, நடுவில் தூக்கிப் போட்டுவிடாதே.

எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் ஆரம்பித்தது. ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார், நான் அதைக் கேபிளில் சொருகும் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி லேப்டாப்பில் வைத்து ஆல்பம் செய்வேன், உனக்குத் தெரிந்ததுதானே. வாலு நடக்கப் பழகிய வீடியோ, சோற்றைத் தலையில் கொட்டிக்கொண்ட வீடியோ எல்லாமும் அதில்தான் இருக்கிறது. நீ போன பிறகு உன் அறையில்தான் வேலை செய்கிறேன். ஜன்னலுக்குக் கீழே உன் அப்பா எனக்காக ஒரு பலகை மாட்டிக் கொடுத்தார். பஸ் பட்டறையில் காலமெல்லாம் சீட்டு மாட்டிய மனுஷன், பலகையையும் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு யானை ஏறினாலும் அசையாது என்று பெருமை வேறு. பஸ் சீட்டுக்கு அடியில் ரப்பர் வைப்பீர்களே, இதற்கு வைக்கவில்லையா என்று சும்மா கேட்டேன். ஓடுற வண்டிக்குத்தான்டி ரப்பர், வீடு என்ன ஓடவா போகுது என்று சிரித்தார். அந்தப் பலகையில்தான் லேப்டாப்பும் டிஸ்க்கும் இருக்கும். வாலு வரப்போகிறான் என்று அதே அறையில் புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டோம், பலகைக்குப் பக்கத்திலேயே, சுவரை ஒட்டி.

பக்கத்துக் காலி மனையில் ஏதோ பெரிய கட்டடம் வரப்போகிறதென்று பள்ளம் தோண்டினார்கள், நம் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அடி தெரியாது, அவ்வளவு ஆழம். அந்தச் சமயத்தில்தான் டிஸ்க் கிழட்டு மாடு மாதிரி நகர ஆரம்பித்தது. படங்களை ஏற விட்டுவிட்டுச் சமைத்து முடித்து வந்து பார்த்தால் பாதிகூட ஆகியிருக்காது. எனக்குச் சந்தேகம் உன் அப்பா மேல்தான். அவர் பழக்கம் தெரியும்தானே, ரிமோட்டிலிருந்து கண்ணாடிக் கூடுவரை எதைக் கண்டாலும் ரெக்ஸினில் உறை தைத்துவிடுவார், டிஸ்க்குக்கும் ஜிப் வைத்து ஒன்று தைத்திருந்தார். சூடு தாங்காமல்தான் மெதுவாகிவிட்டது என்று உறையைக் கழற்றி அவர் மடியில் போட்டுக் கண்டபடி பேசிவிட்டேன், மனுஷன் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். உறையைக் கழற்றியும் வேகம் வரவில்லை. அப்புறம் உன்னிடம் கேட்டேன், நீ சொன்னபடி கேபிளை மாற்றினேன், இந்தப் பக்கத்து ஓட்டையிலிருந்து நீல நிற ஓட்டைக்கு மாற்றினேன், நடுவில் இருந்த, பல கேபிள் சொருகுகிற பெட்டியை எடுத்துவிட்டு நேராகச் சொருகினேன், வைரஸ் தேடுகிறதை நிறுத்தினேன், டிஸ்க்கில் இடமும் ஒதுக்கினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. டிஸ்க் சாகப்போகுதும்மா, முதல்ல வாலு வீடியோவை வேற இடத்துல போடு என்று நீ வேறு சொல்லிவிட்டாய்.

லேப்டாப்பையும் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அங்கே மேஜையில் வைத்துச் சொருகினால் மடமடவென்று ஏறுகிறது! ஸ்டூடியோக்காரர் சிரித்தார், அக்கா உங்க டிஸ்க்குக்கு என்னைப் பார்த்தாத்தான் சுறுசுறுப்பு என்றார். எனக்கு அவமானமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து பலகையில் வைத்தேன், மறுபடியும் மாடு. அதே டிஸ்க், அதே கேபிள், அதே ஓட்டை. கரண்டில் கோளாறோ என்று லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டும் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். எரிச்சலோடு திரையையே முறைத்துக்கொண்டு இருந்தபோது பள்ளத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போனார்கள். இரும்புத் தூணை மண்ணில் அறைகிற அவர்கள் இயந்திரம் நின்றது. நின்றதும் டிஸ்க் பறக்க ஆரம்பித்தது. அவர்கள் திரும்பி வந்து முதல் அடி விழுந்ததும் வேகம் பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தம் பழகிப் போய்க் காதில் விழுவதையே மறந்திருந்தேன். டிஸ்க்கைத் தூக்கிக் கட்டிலில் மெத்தையின் நடுவில் வைத்தேன், அடி விழுந்துகொண்டிருந்தபோதே நன்றாக ஓடியது. ஸ்டூடியோக்காரரிடம் போனில் கேட்டால், அது பழைய மாதிரி டிஸ்க் அக்கா, உள்ள தட்டு சுத்தும், அதுமேல ஊசி மாதிரி ஒண்ணு ஒட்டாம நிக்கும், ஆட்டம் கண்டா ஊசி இடம் தப்பி அதையே திரும்பத் திரும்பப் படிக்கும் என்றார். அப்போ என் சுவர் ஆடுதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நானும் உன் அப்பாவும் அன்றைக்கே ராசியாகிவிட்டோம், பயம் வந்தால் சண்டை எங்கே நிற்கும். கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் சொன்னோம். மிஷின் இன்னும் கொஞ்ச நாள்தான், அது போயிட்டா எல்லாம் அடங்கிடும், நீங்க டிஸ்க்கை வச்சு ஜோசியம் பாக்காதீங்க என்று கேலி செய்தார். மாடிப்படி ஓரத்து விரிசலைக் காட்டினேன், அது நான் வீடு வாங்கின காலத்துலேருந்து இருக்கு என்று மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார். உன் அறைக் கதவு சாத்த வரவில்லை என்று உன் அப்பா அதன் விளிம்பைச் சீவினார், சீவிய பிறகும் மறுபடி இடிக்கிறது. ஆனாலும் சொன்னபடியே இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன், அப்பாடா என்று இருந்தது. வாலு கட்டிலுக்கு யானை படம் போட்ட விரிப்புகூட அன்றைக்குத்தான் வாங்கினேன்.

மறுநாள் தெம்பாக உட்கார்ந்து டிஸ்க்கைப் பலகையில் வைத்து வாலுவின் வீடியோக்களை லேப்டாப்புக்கு ஏற்றினேன். நகரவில்லை கண்ணு. இயந்திரம் அறைந்தபோது இருந்த அதே மெதுவு. ஜன்னலைத் திறந்தேன், பள்ளத்தில் ஒரு ஆள் இல்லை, அடியில் தண்ணீர்தான் ஊறியிருந்தது. தெருவில் வண்டி இல்லை, தண்ணீர் மோட்டார் போடவில்லை, ஃபேனை நிறுத்தினேன், உன் அப்பா தையல் மெஷினை நிறுத்தினார். எங்கும் ஒரு சத்தமும் இல்லை, ஆனாலும் டிஸ்க் மட்டும் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. மெத்தையில் வைத்தேன், ஓடியது. பலகையில் வைத்தேன், நின்றது. உன் அப்பா வந்து உள்ளங்கையைப் பலகையில் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், பஸ் சீட்டு மாட்டி முடித்ததும் அப்படித்தான் கை வைத்துப் பார்ப்பாராம். வெகுநேரம் எடுக்கவே இல்லை. இயந்திரம் போன பிறகும் சுவர் தானாகவே அதிர்கிறது கண்ணு.

வீட்டுக்காரரிடம் மறுபடி ஓடினோம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நகராட்சியில் எழுதிக் கொடுத்தோம், ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள், இன்னும் யாரும் வந்தபாடில்லை. ஆனால் இன்று காலையில் வீட்டுக்காரர் மனைவி, அவர் வெளியே போன நேரம் பார்த்து மேலே வந்தாள். அக்கா, அந்த டிஸ்க்கை எங்க சுவர்லயும் வச்சுப் பாக்கிறீங்களா என்று மெல்லக் கேட்டாள். அவர்கள் வீட்டு அலமாரித் தட்டில் வைத்தேன். அங்கேயும் அதே கதை. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளைகளின் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் மேலே ஏறி வந்தால் உன் அப்பா பலகையைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார், தையல் மெஷினுக்கு அவரே தைத்த உறையை மாட்டி ஜிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீடு என்ன ஓடவா போகுது என்று சிரித்த மனுஷன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், கிளம்பு, வேணுங்கிறதை மட்டும் எடு என்றார்.

பெட்டி கட்டியாயிற்று, உன் சித்தி வீட்டுக்குப் போகிறோம். வாலுவின் வீடியோ எல்லாம் மெத்தையில் வைத்தே ஏற்றி முடித்துவிட்டேன், ஒன்றும் போகவில்லை. கட்டிலை எடுக்க முடியாது, யானை விரிப்பை மட்டும் மடித்துப் பையில் வைத்திருக்கிறேன், அவன் வரும்போது எந்த வீட்டில் இருக்கிறோமோ அங்கே விரிப்பேன். கோபத்தை விட்டுவிடு. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், குழந்தையை வெறும் தரையில் படுக்க விடாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பதில் எழுதினால் சித்தி வீட்டுக்கு எழுது, இந்த விலாசத்துக்கு எழுதாதே.

உன் வரவுக்கு ஏங்கி, வராதே என்று சொல்லும்
அம்மா